சிரிச்சா அவுட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா ஜெயித்துவிட்டார். மகளால் அதை நம்பவே முடியவில்லை.

ஆட்டம் ரொம்பச் சுலபமானது. இரண்டு பேர் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யார் முதலில் சிரிக்கிறார்களோ அவர் அவுட்டு. மகளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இந்த ஆட்டம் நடக்கிறது. அப்பா ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது. உட்காரும்போதே அவர் தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். அப்புறம் கழுத்து, அப்புறம் காது. கடைசியில்தான் வாய் திறக்கும். அன்றைக்கு மகள் கண்ணை உருட்டினாள், மூக்கைச் சுருக்கினாள், கன்னத்தை உப்பிக் காற்றை விட்டாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கித் தாடைக்கு வந்தது. அதைத் தவிர அந்த முகத்தில் வேறெதுவும் நகரவில்லை. கடைசியில் மகளுக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது.

"அம்மா, அப்பா ஏமாத்துறாரு."

ஜன்னலோரம் உட்கார்ந்து ஏப்ரனில் பிரிந்த நாடாவைத் தைத்துக்கொண்டிருந்த அம்மா, ஊசியை வாயில் கவ்விக்கொண்டு திரும்பினாள். "இந்த ஆட்டத்துல எப்படிடி ஏமாத்த முடியும்?"

"தெரியல. ஆனா ஏமாத்துறாரு."

அவள் கணவனைப் பார்த்தாள். மாடிப்படியில் விட்டுப்போன பொருளைப் போல, யாரோ வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல அவன் உட்கார்ந்திருந்தான்.

தொழிற்பேட்டையில் அவனுக்குப் பெயர் பல் டாக்டர். மனிதருக்கு வைத்தியம் பார்க்கிறவன் இல்லை. மலையை உடைக்கும் இயந்திரங்களுக்கும் மண்ணை வாரும் இயந்திரங்களுக்கும் பல் உண்டு. கையளவு பல், தொடையளவு பல். கல்லைக் கடித்துக் கடித்து அவை மழுங்கிவிடும். மழுங்கியவற்றைக் கொண்டுவந்து அவன் முன்னால் போடுவார்கள். அவன் வெல்டிங்கில் கெட்டியான கம்பியை உருக்கி, வரிவரியாக மேலே படர விட்டு, பழைய பல்லின் மேல் புதுப் பல் வளர்ப்பான். "என் பேஷண்ட் யாரும் வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொன்னது கிடையாது" என்பான். அவள் விடுவாளா? "வலிச்சாலும் உங்களக் கண்டா வாயத் திறக்காது. முகமூடி போட்டுட்டுப் போய் நின்னா யாருதான் வாயத் திறப்பாங்க?" என்பாள்.

அவளுக்கு அவன் வைத்த பெயர் ரேடியோ. அவள் ரொட்டிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டுகிறவள். நாள் முழுக்கக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வந்து, சாயங்காலம் அவன் தேநீர் குடிக்கும்போது ஒவ்வொருவராக வெளியே விடுவாள். கமறும் குரல், கீச்சுக் குரல், பணக்காரக் குரல், பணக்காரர்போல நடிக்கும் குரல். ஒரே வாயில் ஊரே பேசும். அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பான். கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சிரிப்பில் சிந்திவிடும்.

அவன் வேலை செய்யும் பட்டறை அவளுடைய அண்ணனுடையது. கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்தவன். அண்ணன் அவன் கைவேலையைப் பார்த்துத்தான் தங்கையைக் கொடுத்தார். "இவன் போடற வரியப் பாரு. ஒரு ஓட்டை இருக்கா? இப்படிப்பட்டவன் குடும்பத்துலயும் ஓட்டை விட மாட்டான்" என்றார். அந்த வேலையில் எதிரி காற்றுதான். கம்பி உருகும் முனையில் வாயு ஒன்று பூப்போல விரிந்து, உருகிய உலோகத்தைப் போர்த்தி நிற்கும். வெளிக்காற்று அடித்தால் போர்வை விலகிவிடும். ஆறிய பின் பார்த்தால் வரியெல்லாம் குமிழ் குமிழாக ஓட்டை. பட்டறை நாலு பக்கமும் திறந்த கொட்டகை. காற்று வந்துகொண்டே இருக்கும். ஒரு மழைக்காலத்தில் அவன் மனம் வெறுத்து, "மச்சான், எனக்குக் காத்து வராத ஒரு ரூம் வேணும்" என்று கேட்டான். அண்ணன் தன் கையாலேயே செங்கல் அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். ஜன்னல் இல்லை. ஒரு கதவு, கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. புகையை இழுக்க ஒரு மின்விசிறியும் வைத்தார். அது சுற்றினால் இழுப்பில் வாயு கலைகிறது என்று அவனே அதன் வாயைச் சாக்கால் கட்டிவிட்டான். அதற்குப் பிறகு அவன் வேலையில் ஓட்டை விழுந்ததே இல்லை. வெளியூரிலிருந்தெல்லாம் பல் வந்தது. புகை நெஞ்சில் தங்காமலிருக்க அண்ணன் தினமும் ஒரு தம்ளர் பால் அனுப்பினார். பால் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று அந்தப் பேட்டை முழுக்க நம்பியது.

"உன் தொழில்ல ஓட்டை விழுந்தாத்தான் பெருமை" என்று ரொட்டித் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவன் ஒருநாள் சொன்னான். "என் தொழில்ல விழுந்தா அவமானம். நம்ம ரெண்டு பேருக்கும் எப்படித்தான் பொருந்திச்சோ."

அதெல்லாம் அவன் வரிவரியாகப் பேசிய காலம்.

இப்போது அவன் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. மெல்ல, ஒரே சுருதியில், இறக்கமோ ஏற்றமோ இல்லாமல். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினான். சட்டைப் பொத்தானைப் போட வெகுநேரம் ஆனது. விரல் பொத்தானைத் தொட்டபடியே வேறெதையோ நினைத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. நடக்கும்போது குதிகால் தரையில் பாவவில்லை. செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதை அவள் பார்த்தாள். பல்லின் மேல் சாக்கட்டியால் அவன் எழுதும் அடையாள எழுத்து நாளாக ஆகச் சிறுத்துக்கொண்டே போனது. "எறும்பு படிக்கறதுக்கா மாப்ள எழுதற?" என்று அண்ணன் கேட்டுச் சிரித்தார். ஒருநாள் ரொட்டிக் கடை வாசலில் அவளுக்காகக் காத்து நின்றான். உள்ளேயிருந்து ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வர, வழிவிடுவதற்காகப் பின்னால் ஓரடி வைத்தான். வைத்த அடி போன இடம் தெரியவில்லை. நட்டுவைத்த கம்பம் சாய்வதுபோல, கையைக்கூட ஊன்றாமல், அப்படியே மல்லாந்து விழுந்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். முகத்தில் வலியும் இல்லை, வெட்கமும் இல்லை.

இதையெல்லாம் அவள் பார்த்தாள். ஆனால் அவளை உறுத்தியது சிரிப்புதான். மற்றதெல்லாம் அசதி என்று தோன்றியது. சிரிப்பு மட்டும் கோபம் என்று தோன்றியது.

"என் மேல ஏதாவது கோவமா?"

"இல்ல."

"அண்ணன் எதாவது சொல்லிட்டாரா? ஆளுங்க முன்னாடி?"

"இல்ல."

"அப்ப வேற எங்கயாவது சிரிச்சுத் தீத்துட்டு வர்றீங்களா?"

இதற்கு முந்தின வருஷமாக இருந்திருந்தால், "ஆமா, ஒரு பொக்லைன்கிட்ட மனசப் பறிகொடுத்துட்டேன், வாய் நெறயப் பல்லு" என்றிருப்பான். இப்போது "இல்ல" என்றான். அந்த மூன்று இல்லைகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருந்தன.

அவளுக்குக் கனவுகள் வர ஆரம்பித்தன. அவன் வாசலில் நின்று முகமூடியைக் கழற்றுகிறான். உள்ளே இன்னொரு முகமூடி. அதையும் கழற்றுகிறான். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் மாட்டிக்கொண்டே போகிறான். சுவர் நிறைந்துவிடுகிறது. அவன் தலை மட்டும் சிறுத்துச் சிறுத்து, ஒரு சாக்கட்டி எழுத்து அளவுக்கு வந்துவிடுகிறது. விழித்துப் பார்த்தால் விடிகிற வெளிச்சத்தில் அவன் பக்கத்தில் படுத்திருப்பான். கண் திறந்திருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் அவள் முடிவு கட்டிவிட்டாள். தேநீரை அவன் எதிரே வைத்துவிட்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, தரையில் உட்கார்ந்தாள். மகளும் வந்து ஒட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு நம்ம கஞ்சக் கிழவர் வந்தாரு, கேளுங்க" என்று குரலைக் கமறவிட்டாள். "'ஏம்மா, நேத்து ரொட்டி என்ன விலை?' பாதி விலைங்க. 'இன்னிக்கு ரொட்டி?' முழு விலைங்க. கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாரு. 'சரி, இன்னிக்கு ரொட்டியே குடு. ஆனா நான் நாளைக்குத்தான் சாப்பிடுவேன். பாதி விலை போடு.'"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அடுத்ததை எடுத்தாள். பணக்காரக் குரல். அதற்கடுத்து, முதலாளி இல்லாதபோது முதலாளியாகிவிடும் மாவு பிசைகிறவர். அதற்கடுத்து, அந்த மாவு பிசைகிறவரின் பெண்டாட்டி. தன் கையிருப்பில் இருந்த நல்ல நல்ல குரல்களை எல்லாம் ஒன்றுவிடாமல் இறக்கினாள். தொண்டை கட்டிக்கொண்டது. எதிரே அந்த முகம், மழைக்குப் பிறகு சாத்திக் கிடக்கும் கடையைப்போல இருந்தது.

"ஒரு தடவ சிரிச்சாத்தான் என்னங்க? காசா கேக்கறேன்?"

அவன் கண் அவள் பக்கம் திரும்பியது. "சிரிச்சுட்டுத்தானே இருக்கேன்" என்றான்.

அவள் கேலி என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள். அதில் குழப்பம் இருந்தது. தன்னிடம் எதற்காக இவள் இப்படிக் கேட்கிறாள் என்ற, பொய்யில்லாத குழப்பம்.

எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய சின்னக் கண்ணாடியை எடுத்து வந்து அவன் முன்னால் பிடித்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான். விரலைத் தூக்கி, வாயின் ஓரத்தைத் தொட்டு, தாழ்ந்திருக்கும் அலமாரிக் கதவைச் சரிசெய்வதுபோல மெல்ல மேலே தள்ளினான். விரலை எடுத்ததும் அது இறங்கிவிட்டது.

"உள்ள சிரிக்கிறேன் ரேடியோ" என்றான். "அந்தக் கெழவருக்கு நல்லாவே சிரிச்சேன். வெளிய வரலபோல."

கண்ணாடியை வைத்துவிட்டு அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தலைமுடியில் இரும்பு வாசம். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத வாசம். கல்யாணமான புதிதில் அவளுக்குப் பிடித்திருந்த வாசம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு பார்க்கும் டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. அவனைப் பின்பக்கமாக நடக்கச் சொன்னார். இரண்டு அடிக்குள் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார். ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். கீழே வர வர எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பிறகுதான் என்ன வேலை என்று கேட்டார்.

"பல் டாக்டர்" என்றான் அவன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள்தான் விளக்கிச் சொன்னாள். பல்லை, கம்பியை, கதவை, சாக்கால் கட்டிய மின்விசிறியை. சொல்லச் சொல்ல, இதுவரை தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றின் பக்கத்தில் ஒன்று வந்து உட்காருவதை அவளே பார்த்தாள்.

படம் எடுத்தார்கள். வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்கள். சாம்பல் நிறத்தில் அவன் தலை, குறுக்கே அறுத்த பழம்போல. அதன் நடுவே, இரண்டு பக்கமும் ஒன்றுபோல, இரண்டு வெள்ளைப் பொட்டுகள். வெல்டிங்கின் நீல வெளிச்சம் வெளியே அணைந்த பிறகும் உள்ளே போய் எரிந்துகொண்டிருப்பதுபோல.

"தேயாம இருக்கறதுக்காக அந்தக் கம்பியில மாங்கனீசு நிறையச் சேத்திருப்பாங்க" என்றார் டாக்டரம்மா. "உருகும்போது புகையா வரும். மூச்சு வழியாப் போய் ரத்தத்துல கலந்து, கடைசியில இங்க வந்து தங்கிடும். முகம், நடை, கை, குரல், எல்லாத்தையும் ஆட்டி வைக்கற இடம் இது."

"தினம் பால் குடிக்கிறாருங்களே."

"பால் வயித்துக்குத்தாம்மா போகும்."

"மருந்து?"

"குடுக்கறேன். பெருசா கேக்கும்னு சொல்ல மாட்டேன். முதல்ல அந்தப் புகையை விட்டு வெளிய வரணும். வந்துட்டா இதோட நிக்கலாம். நிக்காமயும் போகலாம். உள்ள போயிட்டே இருந்தா நிச்சயமா நிக்காது."

அவன் வெளிச்சப் பெட்டியின் பக்கம் குனிந்து, அந்த இரண்டு பொட்டுகளையும், வேலை முடித்த பல்லைப் பார்க்கும் அதே கவனத்தோடு பார்த்தான்.

"நல்ல பொட்டு" என்றான். "ஒரு ஓட்டை இல்ல."

டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. சிரித்துவிட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சிரித்தாள். அவன் முகம் அப்படியே இருந்தது. ஆனால் அவன் அவளைப் பார்த்த பார்வையில், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்த பழைய ஆள் தெரிந்தான். போய்விடவில்லை. உள்ளேதான் இருக்கிறான். கதவுதான் இறுகிக்கொண்டிருக்கிறது.

அண்ணனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கம்பிச் சுருள்களின் மேல் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான்தான் அவனை இப்படி ஆக்கிட்டேங்கற."

"நான் அப்படிச் சொல்லலியேண்ணா."

"சொல்லாமச் சொல்ற. ரூம் வேணும்னு கேட்டது அவன். ஃபேன் வச்சது நான். சாக்கைக் கட்டினது யாரு? அவன். நானா கட்டினேன்?"

"யாரும் கட்டல, போதுமா? அவர் உள்ள போகக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்."

"நான் கூப்பிட்டாத்தானே. வீட்டுலயே வச்சுக்கோ. யாரு வேண்டான்னா?" என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்துபோனார். அந்த நடையைச் சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரியும். பொம்மையை உடைத்துவிட்டு, உடைந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போகிற நடை.

வீட்டில் வைத்துக்கொள்வதும் நடக்கவில்லை. அவள் ரொட்டிக் கடைக்குப் போனதும் அவன் கிளம்பிவிடுகிறான் என்று மகள்தான் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலால் நடந்து, பட்டறைக்குப் போய் அந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். அண்ணன் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறார்.

"எதுக்குங்க போறீங்க? பல்லு முக்கியமா, நான் முக்கியமா?"

அவன் பதில் வரச் சற்று நேரம் ஆனது. இப்போதெல்லாம் எல்லாப் பதிலும் தொலைவிலிருந்து நடந்துதான் வருகிறது.

"முகமூடி போட்டுக்கிட்டா நிம்மதியா இருக்கு" என்றான். "அங்க யாரும் என்னைச் சிரிக்கச் சொல்ல மாட்டாங்க."

ரேடியோ அணைந்துவிட்டது.

மறுநாள் அவள் கடைக்குப் போகவில்லை. தெருமுனையில் மறைந்து நின்று, அவன் கிளம்பியதும் பின்னாலேயே நடந்தாள். வெயில் வெள்ளையாக, சத்தமில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. முன்னால் அவன் கால் தரையில் பாவாமல் போய்க்கொண்டிருந்தான், தண்ணீருக்குமேல் நடக்கிறவனைப்போல. தட்டினால் விழுவான், கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் விழுவான். ஆகையால் கூப்பிடாமல் நடந்தாள். அவன் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. இடுக்கு வழியாக நீலம் துடிக்க ஆரம்பித்தது.

அண்ணன் கொட்டகையின் மறுகோடியில் எதையோ எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துவிட்டு மேலும் அழுத்தித் துடைத்தார்.

"அண்ணா."

"உன் புருஷனை நான் கூப்பிடல."

"தெரியும். உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீயே கட்டின ரூம்தானே? அவர் வேலை செய்யறப்ப என்னிக்காவது உள்ள உக்காந்திருக்கியா?"

"எனக்கென்ன வேலை அங்க?"

"இன்னிக்கு உக்காரு. எங்கூட. ஒரு பல்லு முடியற வரைக்கும்."

அண்ணன் அவளை முறைத்தார். பிறகு ஆணியில் தொங்கிய இரண்டு கறுப்புக் கண்ணாடிகளை எடுத்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார். துணியை மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னார். தான் கட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே இரண்டு பழைய டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அவன் அவர்களைக் கவனிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி வழியாக அவளுக்கு முதலில் ஒரே ஒரு புள்ளிதான் தெரிந்தது. உலகத்தையே இருட்டாக்கிவிட்டு எஞ்சிய ஒரு பச்சை நட்சத்திரம். அது நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் வெல்லப் பாகுபோல ஒரு வரி ஒளிர்ந்து, சிவந்து, அடங்கியது. எவ்வளவு அழகு என்று நினைத்துவிட்டாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. மழுங்கின இரும்பின்மேல், ஒரு குழந்தைக்குப் பல் முளைப்பதுபோல, பல் முளைத்துக்கொண்டிருந்தது. வெளியே நடக்கத் தெரியாத உடம்பு இங்கே துளியும் தடுமாறவில்லை. மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வெகுகாலப் பழக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தது.

கண்ணாடியை உயர்த்தினாள். அப்போதுதான் புகையைப் பார்த்தாள். கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் ஒரு தூண்போல இறங்கியிருந்தது. அந்தத் தூணுக்குள் புகை சுருள் சுருளாக, அவசரமே இல்லாமல், தூங்குகிற ஆளின் மூச்சுபோல ஏறியது. ஏறிப்போய், போக வழியில்லாமல், மெதுவாகத் திரும்பி இறங்கியது. இறங்கி அவன் தோளில் உட்கார்ந்தது. முகமூடியின் கீழ்விளிம்பு வழியாக உள்ளே போனது. அவன் மூச்சு இழுக்கும்போது புகை நெளிந்து அவனிடம் போவது கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிட்டதும் ஓடிப்போகும் குழந்தைபோலப் போனது.

அண்ணனும் கண்ணாடியை உயர்த்தியிருந்தார். அவர் பார்வை புகையோடு ஏறியது, புகையோடு இறங்கியது. ஒருமுறை இருமினார். நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார்.

"இனிக்குதும்மா" என்றார் ஆச்சரியமாக. "இரும்பு மாதிரியும் இருக்கு, இனிப்பாவும் இருக்கு."

"அவர் எத்தனை வருஷமாத் தின்னுட்டு இருக்காரு."

அண்ணன் பல் முடிகிறவரை உட்காரவில்லை. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே போனார். அவர் வாந்தி எடுக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். மின்பெட்டியில் கை விழும் சத்தம் கேட்டது. நட்சத்திரம் அணைந்தது. அறையில் வெயில் தூண் மட்டும் நின்றது.

அவன் முகமூடியைத் தூக்கினான். "யாரு அணைச்சது?"

"நான்தான் மாப்ள."

"இன்னும் பாதிப் பல்லு இருக்கு."

"இருக்கட்டும்."

"காத்து வருது மச்சான். கதவைச் சாத்துங்க. ஓட்டை விழும்."

"விழட்டும்டா" என்றார் அண்ணன். கதவில் சாய்ந்து நின்றார். "விழட்டும். ஊர்ல இருக்கற எல்லாப் பல்லும் ஓட்டையாப் போகட்டும். நீ வெளிய வா."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையை நீட்டினாள். அவன் முகமூடியைக் கழற்றுவதற்கு யோசித்தான். வெகுநேரம் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"என்னை அப்படியே பாப்பியா?" என்றான். "கேள்வி கேக்காம?"

"பாப்பேன்."

"சிரிக்கச் சொல்லாம?"

"சொல்ல மாட்டேன். நீங்க உள்ள சிரிங்க. நான் கேட்டுக்கறேன்."

அடுத்த வாரமே அண்ணன் கிழக்குச் சுவரை இடித்தார். கட்டியபோது போலவே தன் கையாலேயே. அப்புறம் யானைத் தும்பிக்கைபோல ஒரு குழாய் வந்தது. வேலை செய்கிற இடத்திலேயே வாயை வைத்துப் புகையை உறிஞ்சுமாம். மூக்குக்கு மாட்டுகிற வடிகட்டியும் வந்தது. பல் டாக்டருக்குப் பதிலாகப் புது ஆள் மட்டும் வரவில்லை. அதனால் அண்ணனே முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று பேட்டையில் பேசிக்கொண்டார்கள். அவர் கம்பி பிடித்துப் பல வருஷமாகியிருந்தது.

அவன் வீட்டில் இருந்தான். மருந்து சாப்பிட்டான். சில நாள் பேச்சு கொஞ்சம் கிட்டத்தில் வந்ததுபோல இருக்கும். சில நாள் அதே தண்ணீருக்கடியில். நின்றுவிட்டதா இல்லையா என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை, பார்க்கலாம் என்றார். அவள் சாயங்காலம் தேநீரை வைத்துவிட்டு வழக்கம்போலக் குரல்களை எடுத்துவிட்டாள். முதலில் இருட்டில் கல்லெறிவதுபோலத்தான் இருந்தது. பிறகு மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆட்டத்தின் விதியை மாற்றினாள். எதிரே உட்காரக் கூடாது. பின்னால் உட்கார வேண்டும். முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்ள வேண்டும். முதுகு குலுங்கினால் அப்பா அவுட்டு.

"இதுவரைக்கும் யாரு ஜெயிச்சிருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"தெரியலம்மா. குலுங்கற மாதிரியும் இருக்கு, மூச்சு விடற மாதிரியும் இருக்கு."

வெயில் தாழ்ந்த நேரம் அண்ணன் வந்தார். கையில் சாக்கில் சுற்றிய ஒரு பொருள். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே செருப்போடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து, மேசைமேல் இருந்த ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு, அதன் பக்கத்தில் அந்தப் பாரத்தை இறக்கிச் சாக்கைப் பிரித்தார்.

ஒரு பல். இடித்த சுவர் வழியாக வந்த காற்றிலெல்லாம் கம்பி உருக்கி அண்ணன் கட்டிய பல். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சறுக்கி, முட்டிக்கொண்டு கிடந்தன. மேலே கீழே பக்கவாட்டில் எங்கே பார்த்தாலும் ஓட்டை. சின்ன ஓட்டை, பெரிய ஓட்டை, ஓட்டைக்குள் ஓட்டை. பக்கத்திலிருந்த ரொட்டித் துண்டுக்கும் அதற்கும் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை.

"எப்படி மாப்ள இருக்கு?" என்றார் அண்ணன், தலையைச் சொறிந்துகொண்டே. "உண்மையச் சொல்லு."

அவன் குனிந்தான். ஒரு விரலால் ஓட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். விரல் ரொட்டிக்கு வந்தது. மறுபடி பல்லுக்குப் போனது. அவன் முகத்தில் சாயங்கால வெளிச்சம் நெற்றியிலிருந்து தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"ரேடியோ" என்றான் மெல்ல. "இந்த ரெண்டுல எதுக்கு... வெண்ணெய் தடவணும்?"

அண்ணன் பல்லையும் ரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் அப்பாவின் பின்னால் ஓடிப்போய் முழங்காலிட்டு, அவர் முதுகில் கையை வைத்தாள். "அம்மா, வா, சீக்கிரம் வா" என்று கிசுகிசுத்தாள். அவளும் போய் உட்கார்ந்து, சின்னக் கையின் பக்கத்தில் தன் கையை வைத்தாள். சட்டைக்கு அடியில் அவன் முதுகு சூடாக இருந்தது. துணி போட்டு மூடிய பாத்திரத்தில் விடியற்காலை மாவு உப்பும்போது, மேலே கையை வைத்தால், அசைகிறதா அசையவில்லையா என்று தெரியாத ஒன்று உள்ளிருந்து வந்து உள்ளங்கையைத் தொடும். அதற்காகக் காத்திருப்பதுபோல, அவள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.